கிரேன் பாரம் தூக்காத ஆறு வாரங்கள்

பிப்ரவரி 9. மருந்துக் கடை, காப்ஸ்யூல் ஒரு பட்டை, காய்ச்சல் மாத்திரை: 140.
பிப்ரவரி 14. அதே கடை, தடிப்புக்குக் களிம்பு: 85.
பிப்ரவரி 15. அதே கடை, காப்ஸ்யூல் இன்னொரு பட்டை: 110.
பிப்ரவரி 17. பொது மருத்துவமனை, நுழைவுச் சீட்டு: 5.
பிப்ரவரி 17. ரத்தப் பரிசோதனை, இரண்டு: 420.
பிப்ரவரி 18 முதல் மார்ச் 31 வரை. கூலி: இல்லை.

சலவைக் கூடத்தில் அவனுக்குக் கிரேன் என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. பதினாறு வயதில் பக்கத்துக் குடித்தனக்காரரின் குளிர்சாதனப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறியவன் அவன். படிப்பு அவனுக்கு ஏறவில்லை. ஊரார் சாமான்தான் முதுகில் ஏறியது. இருபத்தோராம் வயதில் சலவைக் கூடத்தில் பாரம் தூக்கும் வேலை கிடைத்தபோது, இதற்கென்றே பிறந்த பிள்ளை என்று அவன் அம்மா சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னாள்.

பெரிய கூடம் அது. மருத்துவமனைகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் அழுக்கு விரிப்புகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும். துவைத்துப் பிழிந்த விரிப்புகளை வலைப்பையில் கட்டி உலர்த்தும் இயந்திரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஈர மூட்டை ஒன்று நாற்பது கிலோவுக்குக் குறையாது. இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்க வேண்டும் என்று சுவரில் படம் வரைந்தே ஒட்டியிருந்தார்கள். கிரேன் அந்தப் படத்துக்கு முன்னாலேயே ஒற்றை ஆளாகத் தூக்குவான். அவனுக்கு ஜோடியாக விட்டிருந்த ஒல்லிப் பையனுக்குக் கொசு என்று பெயர். கொசு மூட்டையின் மேல் ஒரு கையை மட்டும் வைத்தபடி கூடவே நடப்பான். கேட்டால், "நான் ஸ்டியரிங் சார்" என்பான்.

முதல் ஆறு மாதம் பயிற்சிக் காலம், நாள் கூலிதான். மார்ச் 15-ஆம் தேதி அது முடியும். முடிந்தால் நிரந்தரம், மாதச் சம்பளம். அம்மா ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஒன்பது மாடிப் படிக்கட்டையும் காலையும் மாலையும் துடைத்துக்கொண்டிருந்தாள். மகன் நிரந்தரமானால் மாலை வேலையை விட்டுவிடுவது என்று அவளுடைய இரண்டு முழங்கால்களும் எப்போதோ தீர்மானம் போட்டுவிட்டன. அதனால் பிப்ரவரி 5-ஆம் தேதி அவனுக்குத் தொண்டை வலித்து உடம்பு சுட்டபோது, அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

நான்கு நாள் அப்படியே தூக்கினான். எச்சில் விழுங்கினால் கண்ணாடித் துண்டு இறங்குவது போல இருந்தது. கழுத்தில் இரண்டு பக்கமும் நெறிகட்டி, சட்டைக் காலர் உறுத்தியது. எல்லாவற்றையும்விட அந்த அசதிதான் அவனுக்குப் புதிது. உழைத்த அசதி அவனுக்குத் தெரியும். அது சாப்பிட்டுத் தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்த பிறகும் அவனுக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருந்தது. பல் துலக்கிவிட்டு, அந்தக் களைப்பு தீர, குளியலறைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வெளியே வருவான்.

ஒன்பதாம் தேதி அம்மா கண்டுபிடித்துவிட்டாள். மூன்று தட்டு சாப்பிடுகிறவன் அரை ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஒரு மணி நேரம் தின்றால் எந்தத் தாய்க்குத்தான் தெரியாது? தெருமுனை மருந்துக் கடைக்காரர் அவனை வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். தொண்டையில் வெள்ளை படிந்திருக்கிறது, இது கிருமி, அஞ்சு நாள் காப்ஸ்யூல் போட்டால் ஓடிவிடும் என்றார். நேர்மையான மனிதர்தான். வெள்ளை படிந்த தொண்டைக்கெல்லாம் அதே காப்ஸ்யூலைக் கொடுத்து, பாதிப் பேருக்குக் குணமாகியும் இருந்தது. வெளுத்ததெல்லாம் பால் என்ற கணக்கு அவருடையது.

பதினான்காம் தேதி காலை மூட்டையைத் தோளில் ஏற்றும்போது சட்டை மேலே ஏறியது. கொசு அவன் வயிற்றைப் பார்த்து நின்றுவிட்டான். மார்பு, வயிறு, முதுகு எல்லாம் செக்கச்செவேலென்று தடித்திருந்தது.

"டேய், உன்னை சோப்பு கடிச்சிருச்சுடா" என்றான்.

சலவைக் கூடத்தில் தோலில் எது வந்தாலும் அதற்குச் சோப்புக் கடி என்றுதான் பெயர். அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் ஒரு முறையாவது கையில் அரித்து, தடித்து, உரிந்திருக்கிறது. ஆகவே யாரும் வேறு எதையும் யோசிக்கவில்லை. சூப்பர்வைசர் வந்து பார்த்தார். சோப்புத் தூளின் மேல் புகார் வந்துவிடப் போகிறதே என்ற பயத்தில், "சரியா அலசாத சட்டையப் போட்டிருப்பே" என்று பழியை அவன் சட்டை மேலேயே போட்டார். அம்மா அவனுடைய சட்டைகளை எல்லாம் வெந்நீரில் மூன்று தரம் அலசினாள். மருந்துக் கடைக்காரர் களிம்பு கொடுத்தார். தொண்டை இன்னும் ஆறவில்லை என்று மறுநாள் இன்னொரு பட்டை காப்ஸ்யூலும் கொடுத்தார். சட்டை சுத்தமாகச் சுத்தமாகத் தடிப்பு கூடிக்கொண்டே போனது. வார விடுமுறையான பதினேழாம் தேதி கண்ணிமை வீங்கி, முகமே வேறு யாருடையதோ போல ஆன பிறகுதான் பொது மருத்துவமனைக்குப் போனார்கள்.

அங்கே இருந்த டாக்டர் அம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். அன்றைக்கு அவர் பார்க்கும் அறுபத்து நான்காவது நோயாளி இவன். நாற்காலியில் சாயாமல், மேஜையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். தடிப்பைப் பற்றி அம்மா சொல்லத் தொடங்கியதும், சோப்பு, சட்டை, வெந்நீர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: சோப்புக் கடி என்றால் கையில் ஏன் இல்லை?

அம்மா மகனுடைய கைகளைத் திருப்பிப் பார்த்தாள். நாள் முழுக்கச் சோப்பில் கிடக்கும் கைகள் சுத்தமாக இருந்தன.

டாக்டர் தொண்டையைப் பார்த்தார். கழுத்தின் பக்கவாட்டில் மட்டும் இல்லாமல் பின்பக்கமும் விரல் வைத்து நெறிகளைத் தடவினார். பக்கத்துப் பரிசோதனைப் படுக்கையில் படுக்கவைத்து, இடது விலா எலும்பின் அடியில் விரலை வைத்து, மூச்சை இழுக்கச் சொன்னார். அங்கே விரல் நின்றது. இன்னொரு தரம் இழுக்கச் சொன்னார். அதன் பிறகு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு, காலிப் பட்டைகளை வாங்கிப் பார்த்தார்.

ரத்தச் சீட்டு வாங்க அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, அவனிடம் தனியாகச் சில கேள்விகள் கேட்டார். அவன் காது மடல் சூடாகி, தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். "இதே மாதிரி தொண்டை வலி, நெறிகட்டோட எச்.ஐ.வி. கூட சில பேருக்குத் தொடங்கும். உனக்கு இருக்காதுன்னுதான் நெனைக்கிறேன். பாத்துட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்றார். அதனால்தான் பரிசோதனை இரண்டு. அந்த இரண்டாவது பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று மறுநாள் தெரிந்தது. அம்மாவுக்கு இன்றுவரை அது ரத்தத்தில் சத்து பார்க்கிற பரிசோதனை.

முதல் பரிசோதனையின் முடிவு அன்று பிற்பகலே வந்தது. வெள்ளை அணுக்கள் கூடுதலாக இருந்தன. அவற்றிலும் பல, வழக்கத்தைவிடப் பெரிதாக, உருமாறி இருந்தன. இது சுரப்பிக் காய்ச்சல், ஒரு வைரஸ், பெரும்பாலும் இந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான் இப்படிப் படுத்தும் என்று டாக்டர் சொன்னார். காப்ஸ்யூல் பாக்டீரியாவுக்கான மருந்து; வைரஸை அது தொடாது. தொடாவிட்டால்கூடப் பரவாயில்லை, இந்த வைரஸ் உடம்பில் இருக்கும்போது அந்தக் காப்ஸ்யூல் போனால் இப்படித் தடிப்பது வழக்கம். அதை நிறுத்தினால் தடிப்பு தானாக அடங்கும்.

"சரிங்க டாக்டரம்மா, அப்ப இதுக்கு மருந்து?" என்று அம்மா கேட்டாள்.

"இதுக்குன்னு மருந்து இல்லைம்மா. காய்ச்சலுக்கு மாத்திரை, நிறையத் தண்ணி, உப்புத்தண்ணியில கொப்பளிக்கணும், நல்லா தூங்கணும்."

"ஒரு ஊசி கூடவா இல்ல?"

"ஊசியும் இல்ல."

அம்மா நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்தாள். "காலைல ஆறு மணிக்கு வந்து வரிசைல நின்னோம். மருந்து இல்லன்னா அப்புறம் நீங்க எதுக்கு?"

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே. "இவன் எதைச் செய்யக் கூடாதுன்னு சொல்றதுக்கு" என்றார்.

அவன் செய்யக் கூடாதது ஒன்றுதான். மண்ணீரல் வீங்கி, விலாவுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது. பாரம் தூக்கி மூச்சை அடக்கினாலோ, வயிற்றில் அடிபட்டாலோ அது கிழியலாம். கிழிந்தால் உள்ளேயே ரத்தம் கொட்டும். மார்ச் 31 வரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. இடது வயிற்றிலோ, இடது தோள்முனையிலோ திடீரென்று வலித்தாலும், தலை சுற்றினாலும், மூச்சுவிடக் கஷ்டமாக இருந்தாலும் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு வர வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, சீட்டிலும் எழுதினார். கடைசியாக, இது எச்சில் மூலம் பரவுவது, அதனால் தட்டு, டம்ளர் எதையும் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது என்றார். பல இடங்களில் இதை முத்தக் காய்ச்சல் என்றுகூடச் சொல்வார்கள் என்று போகிறபோக்கில் சேர்த்துவிட்டார்.

அந்தச் சொல்லை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். அம்மா மெல்லத் திரும்பி மகனைப் பார்த்தாள்.

"எவடா அவ?"

"அம்மா, சும்மா இரும்மா."

"டாக்டரம்மா சொல்றாங்க இல்ல? படிச்சவங்க பொய்யா சொல்வாங்க?"

டாக்டர் முதன்முறையாகச் சிரித்தார். வேலை செய்யும் இடத்தில் எப்படித் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று அவனிடம் கேட்டார். அவன் சொன்னான். பாரம் தூக்குகிறவர்களின் கைகள் எப்போதும் பிளீச் தண்ணீரில் நனைந்தே இருக்கும். அதனால் குடிதண்ணீர் கேனை ஓர் உயரமான பலகையில் வைத்து, அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை வாய் மட்டத்துக்குத் தொங்கவிட்டிருந்தார்கள். வருகிறவன் குழாயைப் பல்லால் கவ்வி உறிஞ்சிவிட்டுப் போவான். யார் கையும் படுவதில்லை என்பதால், அதைவிடச் சுத்தமான ஏற்பாடு உலகத்திலேயே இல்லை என்பது அவர்கள் அத்தனை பேருடைய நம்பிக்கை.

"அந்தக் குழாய்ல உனக்கு முன்னாடி யாருக்காவது தொண்டை வலி வந்துதா?"

கிரேன் யோசித்தான். டிசம்பர் கடைசியில் கொசு இரண்டு வாரம் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு வந்தான்.

"இப்ப தெரியுதாம்மா?" என்றார் டாக்டர். "பொண்ணு இல்ல. குழாய்."

பேருந்தில் திரும்பும்போது அம்மாவுக்கு நிம்மதிதான். ஆனாலும் கொஞ்ச தூரம் போனதும், பெண்ணாக இருந்தாலாவது நன்றாயிருந்திருக்கும், அந்தக் கொசுப் பயலிடமிருந்தா வாங்க வேண்டும் என்று முணுமுணுத்தாள்.

மறுநாள் மருத்துவச் சீட்டைக் கொசுதான் கொண்டுபோய்க் கொடுத்து, குழாய் விஷயத்தையும் சொன்னான். சூப்பர்வைசர் குழாயைக் கழற்றச் சொல்லி, ஆளுக்கொரு டம்ளர் வைத்தார். இரண்டே நாளில் டம்ளர்களில் பிளீச் வாடை ஏறிவிட்டது. மூன்றாம் நாள் குழாய் பழைய ஆணிக்கே வந்து சேர்ந்தது.

பிப்ரவரி 27-ஆம் தேதி கூடத்திலிருந்து முதல் கடிதம் வந்தது. பயிற்சிக் காலத்தில் இருப்பவர் தொடர்ந்து பதினைந்து நாள் வராவிட்டால் அதுவரை வந்த நாட்கள் கணக்கில் சேராது என்று விதி எண்ணோடு எழுதியிருந்தது. அந்தப் பதினைந்தாவது நாள் மார்ச் 4. அன்றைக்கு அவன் போய்க் கையெழுத்துப் போட்டால் கணக்கு உடையாது.

அதற்குள் காய்ச்சல் விட்டிருந்தது. தடிப்பு உதிர்ந்து, தோல் தவிடு போல உரிந்துவிட்டது. வெளியே பார்த்தால் ஆள் சரியாகத்தான் இருந்தான். ஆறு கிலோ குறைந்திருந்தது அவ்வளவுதான். அம்மா விடிவதற்கு முன்னாலேயே எழுந்து, அவன் சட்டையைத் தேய்த்துவைத்திருந்தாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. வாசலில் மட்டும், "கையெழுத்துப் போட்டுட்டு வா. தூக்காத" என்றாள்.

"தூக்காம என்னம்மா பண்றது? பாட்டா பாடறது?"

கூடத்தில் நுழைந்ததும் ஆவியும் சோப்பு வாடையும் முகத்தில் அடித்தன. சூப்பர்வைசர் பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். அவரும் இரண்டு இரவு தூங்காத மனிதர். பெரிய மருத்துவமனையின் வண்டி வந்து நின்றது. பாரம் தூக்குகிறவர்களில் மூன்று பேர் வரவில்லை. அதில் இரண்டு பேருக்குத் தொண்டை வலி. குழாய் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மடிக்கிற இடத்திலோ எண்ணுகிற இடத்திலோ உட்காரட்டுமா என்று கிரேன் கேட்டான். அங்கெல்லாம் பெண்கள் தேவையான அளவு இருக்கிறார்கள், அவனை எடுத்தது தூக்குவதற்கு என்று சூப்பர்வைசர் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நான் உனக்கு எதிரி இல்ல. அந்த நாலு ஈர மூட்டைய உலர்த்தற மெஷின்ல போட்டுட்டுப் போ. நீ வேலைக்கு வந்ததா எழுதிடறேன். நாளைலேருந்து லீவு போடு, எத்தனை நாள் வேணா போடு. கணக்கு உடையாது. நாலே நாலு மூட்டை."

நான்கு மூட்டை. முன்பெல்லாம் கொட்டாவி விடுகிற நேரத்தில் நான்கு மூட்டை தூக்கியவன். அவன் வலைப்பையின் அருகே போய் நின்றான். மறுமுனையைக் கொசு பிடித்துக்கொண்டான். இந்த முறை நிஜமாகவே பிடித்துக்கொண்டான். அம்மாவின் முழங்கால்கள் கிரேனின் நினைவுக்கு வந்தன. மாலையில் ஒன்பது மாடிப் படிக்கட்டை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே அவள் பின்னால் பின்னால் இறங்கி வருவது நினைவுக்கு வந்தது. இடது விலாவின் அடியில் டாக்டரின் விரல் நின்ற இடமும் நினைவுக்கு வந்தது. குனிந்து, கயிற்றைக் கையில் சுற்றினான்.

அவன் அன்றைக்குத் துணிந்து மறுத்துவிட்டான் என்று அம்மா பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறாள். அப்படிச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது வேறு. கயிற்றைச் சுற்றிய கையோடு அவன் கொஞ்ச நேரம் குனிந்தபடி நின்றான். இழுப்பதற்கு முன்பே, குனிந்ததற்கே, மூச்சு வாங்கியது. உடம்புக்குள் எங்கே தேடினாலும் அந்த நாற்பது கிலோவுக்கான ஆள் இல்லை. அவன் கயிற்றை விட்டுவிட்டு, ஈர மூட்டை மேலேயே மெல்ல உட்கார்ந்தான்.

"என்னால முடியல சார்."

"ஒண்ணாவது" என்றார் சூப்பர்வைசர்.

"கிழிஞ்சா சாவேன்னு சொல்லியிருக்காங்க. கிழியறதுக்கு முன்னாடியே முடியல."

கூடத்தில் அவன் வாயிலிருந்து முடியவில்லை என்ற சொல்லை அதுவரை யாரும் கேட்டதில்லை. கொசு சூப்பர்வைசரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கிரேன் ரிப்பேர் சார். பார்ட்ஸ் கிடைக்க நாளாகும்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. கொசுவும் வண்டி ஓட்டுநரும் சேர்ந்து அந்த மூட்டையை இழுத்துக்கொண்டு போனார்கள். அவனுடைய கால்சட்டையின் பின்பக்கம் முழுதும் நனைந்திருந்தது. சூப்பர்வைசர் பதிவேட்டில் அன்றைய கட்டத்தில் வரவில்லை என்று ஒரு கோடு இழுத்து, மூடினார்.

திரும்பும் பேருந்தில் தூங்கிவிட்டான். கடைசி நிறுத்தத்தில் நடத்துநர் தட்டி எழுப்பி, எங்கே இறங்க வேண்டியவன் என்று கேட்டார். சொன்னதும், அதே பேருந்தில் சீட்டு வாங்காமல் திரும்ப அழைத்துக்கொண்டு போனார். வீட்டில் அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். மாலை வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

அந்த மார்ச் மாதம் முழுவதும் அவன் தூங்கினான், விழித்தான், தூங்கியதற்காகக் களைத்து மறுபடி தூங்கினான். தண்ணீர் வராத நாட்களில் கீழேயிருந்து வாளிகளை அம்மாதான் மூன்றாம் மாடிக்குத் தூக்கி வந்தாள். அவன் பிடிக்கப் போனால் கையைத் தட்டிவிடுவாள். இரண்டு கையிலும் வாளியோடு அவள் முன்னால் ஏற, அவளுடைய கைப்பையை மட்டும் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் ஏறுவான். குளிர்சாதனப் பெட்டிக்காரர் ஒருநாள் கதவைத் திறந்து, "என்னடா, அம்மாவை வேலைக்கு வச்சிருக்கியா?" என்றார். நோய்கூட அவனை இவ்வளவு படுத்தவில்லை.

மார்ச் 31-ஆம் தேதி ஸ்கேன் எடுத்தார்கள். மண்ணீரல் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது. டாக்டர் அதே போல முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். அவனை அவருக்கு உடனே நினைவு வரவில்லை. அம்மா குழாய் என்றதும் வந்துவிட்டது. இனி தூக்கலாம், ஆனால் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும், அசதி இன்னும் சில வாரம் வந்து வந்து போகும் என்றார். கூடத்துக்கும் ஒரு சான்று எழுதிக் கொடுத்தார்: இவர் இந்த ஆறு வாரமும் பாரம் தூக்காமல் இருந்தது மருத்துவக் காரணத்தால், தூக்கியிருந்தால் உயிருக்கு ஆபத்து நேர்ந்திருக்கலாம். கிரேன் அதை ஒரு விண்ணப்பத்தோடு சேர்த்து, பதிவுத் தபாலில் அனுப்பினான். பழைய நாட்களைக் கணக்கில் சேர்க்கும்படி கேட்டிருந்தான். சூப்பர்வைசரும் அவனுக்காக நான்கு வரி எழுதினார் என்று கொசு வந்து சொன்னான்.

பதில் வரும்வரை அவன் வீட்டில் ஒரு வாளி, பிறகு இரண்டு வாளி என்று தூக்கிப் பழகினான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டுத்தான் மேலே போக முடிந்தது.

பதிலை அம்மா மாலை வேலைக்குப் போகும் வழியில் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, மறுபடி மூன்று மாடி ஏறி வந்து கொடுத்தாள். அவன் பிரித்து ஒரு தரம் படித்தான். விண்ணப்பதாரரின் உடல்நிலை கருதி மீண்டும் வேலையில் சேர அனுமதிக்கப்படுகிறது. பயிற்சிக் காலம் சேரும் நாளிலிருந்து ஆறு மாதம். முந்தைய நாட்கள் கணக்கில் கொள்ளப்பட மாட்டா.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"வரச் சொல்றாங்க. மறுபடி மொதல்லேருந்து."

அவள் கதவு நிலையைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். "சரி. ஆறு மாசம்தானே" என்றாள். பிறகு முழங்காலை ஒரு கையால் தடவிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கீழே இறங்கினாள்.

இந்த நோய் விஷயமாகக் கூடத்திலிருந்து அவனுக்கு வந்த கடைசிக் கடிதம் அதுதான். வந்த தேதி ஏப்ரல் 21.